வாலுவின் அம்மா

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உன் அத்தானுக்கு மட்டும் சளி. உலகத்தில் யாருக்குமே வராத சளி தனக்கு வந்துவிட்டது போல முனகிக்கொண்டிருக்கிறார்.

போன் இருக்கும்போது ஏன் மெயில் என்று கேட்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. போன வாரம் நீ, "உனக்குச் சொன்னா புரியாதுக்கா, விடு, நானே பண்ணித் தர்றேன்" என்றாயே, அது இன்னும் காதில் நிற்கிறது. நீ பண்ணித் தர வேண்டாம். எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நான் டிப்போவில் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் செய்வேன். ஐம்பத்திரண்டு பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுகிறவளுக்கு ஒரு பிளாக்கைச் சரிசெய்ய வராதா?

விஷயம் இதுதான். "வாலுவின் அம்மா" பிளாக்கைத் தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என் மகளுக்கு ஆறு வயதில் முதல் வலிப்பு வந்தபோது யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எழுதத் தொடங்கினேன். இப்போது நூற்று நாற்பத்து மூன்று பதிவுகள். நீ போன வருஷம் அதைப் புது முறைக்கு மாற்றித் தந்தாய், பக்கம் வேகமாகத் திறக்கிறது, சரி. ஆனால் முகப்பில் எல்லாம் ஒரே நீள வரிசையாகக் கிடக்கிறது. ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தால் எதைத் தேடுவாள், எங்கே தேடுவாள்? இந்த வருஷம் அதை முழுதாகப் பிரித்துப் போட்டு ஒழுங்காகக் கட்டப் போகிறேன். முடிவு பண்ணிவிட்டேன்.

வாலு உன் வீட்டுக்கு வந்தாளா? விடுதியில் படிப்புச் சுமை அதிகம் போல. போன் எடுக்க நேரமில்லை. வந்தால் நன்றாகச் சாப்பிடச் சொல்.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு பரவாயில்லை. நாற்காலி மாற்றவில்லை, திட்டாதே. அத்தான் சளியிலிருந்து மீண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

புரியாது என்று சொன்னது தப்பு. இப்போது புரியும்படி எழுதுகிறேன். உன் பிளாக் இப்போது ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். ஒவ்வொரு பதிவும் அதற்குள் ஒரு தனி எழுத்து ஃபைல். ஃபைலின் உச்சியில் தலைப்பு, தேதி, எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்ற விவரம், மேலும் கீழும் மூன்று மூன்று சிறு கோடுகளுக்கு நடுவில் இருக்கும். அதற்குக் கீழே நீ எழுதியது. டெம்ப்ளேட் என்பது அச்சு மாதிரி. நீ கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால், மென்பொருள் எல்லா ஃபைலையும் அந்த அச்சில் ஊற்றி முழுத் தளத்தையும் மறுபடி கட்டித் தந்துவிடும். இதைத்தான் ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்கிறோம். கட்டளைகளைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேள். நிறம், எழுத்து, படம் எதையும் இப்போது தொடாதே. முதலில் நூற்று நாற்பத்து மூன்றையும் உட்கார்ந்து படி. உன் பதிவாகப் படிக்காதே. முன்பின் தெரியாத யாரோ படிப்பது போலப் படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எதைப் பற்றியது, யாரைப் பற்றியது என்று குறித்து வை. பிறகு பேசுவோம்.

வாலு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சாப்பிட்டாள். மாத்திரை தவறாமல் போடுகிறாள். நலமாக இருக்கிறாள்.

தம்பி


பிப்ரவரி 2

அன்புத் தம்பி,

எங்கள் சேதி: அத்தான் எழுந்து நடமாடுகிறார், நான் தரையில் கால் படாமல் நடமாடுகிறேன். உன் சேதி நல்லபடியாக இருக்கட்டும்.

கேள். நேற்று முதல்முறையாக நானே கட்டளை கொடுத்தேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பன்னிரண்டு வருஷ எழுத்தும் போய்விட்டது என்றே நினைத்தேன். அத்தான் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏதோ வரி எண் போட்டிருக்கே, அதைப் பாரேன்" என்றார். பார்த்தால், மூன்று கோடு போட வேண்டிய இடத்தில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஒரு கோடு குறைந்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்! எங்கள் டிப்போ மேலாளர்கூட இவ்வளவு கத்த மாட்டார். திருத்தினேன், கட்டியது. அத்தானுக்கு இப்போது தலைக்கனம்.

அறுபது பதிவு படித்தாயிற்று. மதிய உணவு இடைவேளையில் பத்துப் பத்தாகப் படிக்கிறேன். எப்படிப் பிரிப்பது என்றும் தெரிந்துவிட்டது: வயது வாரியாக. ஆறு வயது, ஏழு வயது என்று பதினெட்டு வரைக்கும் பதின்மூன்று கதவுகள். ஒவ்வொரு கதவிலும் அந்த வயதில் எடுத்த வாலுவின் படம். முகப்பில் இப்போதைய படம், கல்லூரிக்குப் போகும் பெண்ணாக. இதைப் பார்க்கிற எந்தத் தாய்க்கும் நம் பிள்ளையும் இப்படி வளர்ந்துவிடும் என்று தெம்பு வராதா?

அவளிடம் நான் செய்தி அனுப்பிக் கேட்டால் "பார்க்கலாம்மா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறாள். நீ கேட்டு ஒரு நல்ல படம் வாங்கி அனுப்பு. கல்லூரி வாசலில் நின்று எடுத்தால் நன்றாக இருக்கும்.

உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். வேலை அதிகம். எல்லோரும் நலமென்று நம்புகிறேன். நானும் அப்படியே.

சிவப்பு எழுத்தைத் தாண்டியது பெரிய விஷயம். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் அங்கேதான் முதலில் விழுவார்கள்.

வயது வாரியாகப் பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிப் பிரித்தால் அது ஒரே ஆளின் மருத்துவக் கோப்பு மாதிரி ஆகிவிடும். தேவையை வைத்துப் பிரிக்கலாம்: வலிப்பு வரும்போது, மாத்திரைகள், பள்ளிக்கூடம், இப்படி. படமே இல்லாமல் எழுத்து மட்டும் வைத்தால் பக்கம் இன்னும் லேசாகத் திறக்கும்.

படம் கிடைக்கவில்லை. பிறகு பார்க்கலாம்.

தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

இருபத்தைந்து நாள் கழித்து நாலு வரி. அதிலும் படம் வேண்டாம், வயது வேண்டாம், பக்கம் லேசாக இருக்கும் என்று பூசி மெழுகுகிறாய். நீ பிறந்ததிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். பொய் சொல்லத் தெரியாத ஆள் நீ. தெரியாததால்தான் மென்று முழுங்குகிறாய்.

அவளுக்கு மறுபடி வலிப்பு வந்ததா? மூன்று வருஷமாக இல்லாதது திரும்பிவிட்டதா? அதைத்தான் இரண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறீர்களா? டிப்போவில் உட்கார்ந்து எட்டாம் எண் பேருந்தைப் பதினெட்டாம் எண் தடத்தில் போட்டுவிட்டேன், ஓட்டுநர் வந்து கேட்கிறார், "என்னம்மா, புது ரூட்டா?" என்று. எனக்கு வேலை ஓடவில்லை.

நேராகச் சொல். தாங்கிக்கொள்வேன்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

முதலில் இது: வலிப்பு வரவில்லை. அவள் உடம்பு நன்றாக இருக்கிறது. இதை இரண்டு முறை படித்துவிட்டு மேலே படி.

உன் கடிதத்தை அவளிடம் காட்டினேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் மாதம் அவளுடைய அறைத்தோழி ஒருத்தி எதையோ தேடப் போய் உன் பிளாக்கில் விழுந்திருக்கிறாள். நீ நிஜப் பெயர் போடவில்லைதான், வாலு என்ற செல்லப்பெயரோடு சரி. ஆனால் படம் இருக்கிறதே அக்கா. புருவத்தில் தழும்பு இருக்கிறது, அந்தத் தழும்பு எப்படி வந்தது என்பதற்குத் தனியாக ஒரு பதிவே இருக்கிறது. பதினோரு வயதில் பள்ளி மேடையில் பாடும்போது வலிப்பு வந்து விழுந்தாளே, அந்தப் பதிவை ஒருத்தி விடுதிச் சாப்பாட்டு அறையில் சத்தமாகப் படித்திருக்கிறாள். உடை நனைந்ததை நீ எழுதிய வரி வரைக்கும். பிறகு அது வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கும் போனது. ஒரு மாதம் அவள் சாப்பாட்டு அறைக்கே போகவில்லை. அறையில் ரொட்டி வாங்கி வைத்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

நவம்பரில் என்னிடம் சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா. அவங்க என்னைப் பார்த்துக்கிட்டதுக்கு அவங்ககிட்ட மிச்சமிருக்கிறது அந்த பிளாக் ஒண்ணுதான். நான் போய் அதைப் பறிச்சா நல்லா இருக்காது" என்றாள். உன் போனை எடுத்தால் வாய் தவறிச் சொல்லிவிடுவோமோ என்றுதான் எடுப்பதில்லை. நேரமில்லாமல் இல்லை. நாலு மாதம் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீயாகப் படித்தால் உனக்கே தெரியும் என்று நினைத்தது என் கோழைத்தனம்.

என் பங்கும் இருக்கிறது. ஃபைல்களை வைக்கிற இணையக் கிடங்கை யாரும் பார்க்கலாம் என்று திறந்து விட்டது நான்தான். எங்கள் தொழிலில் அது பழக்கம், யோசிக்கவே இல்லை. அந்தக் கிடங்கு நீ அழித்த பழைய வடிவங்களையும் சேர்த்து வைத்திருக்கும். நீ என்றோ எடுத்துவிட்ட படங்கள்கூட அங்கே இருந்தன. நேற்று மூடிவிட்டேன். பழைய சரித்திரம் முழுவதையும் அழித்தேன். தேடுபொறிக்கும் நீக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஆனாலும் யார் யார் நகலெடுத்தார்கள் என்பது நம் கையில் இல்லை. இதை மறைத்து உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன்.

பதில் எழுத அவசரமில்லை.

தம்பி


ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நான்கு முறை விசாரித்து எழுதியிருந்தாய், எல்லாவற்றையும் படித்தேன். உன் மீது கோபம் இருந்தது. இப்போது அதற்கு நேரமில்லை.

உன் கடிதம் வந்த அன்றே தளத்தை மொத்தமாக இறக்கிவிட்டேன். நீ கொடுத்த தாளிலேயே வழி இருந்தது. ஒரே கட்டளை. பன்னிரண்டு வருஷம் ஒரு நொடியில் போனது. வாலுவுக்குச் செய்தி அனுப்ப உட்கார்ந்தேன். மன்னித்துவிடு என்று பதினோரு தடவை எழுதி அழித்தேன். அந்தச் சொல்லை அனுப்பிவிட்டால் அவள் "பரவாயில்லம்மா" என்று சொல்லியாக வேண்டும். அந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்ற வேண்டுமா?

தளம் அப்படியே போயிருக்கும். இரண்டு வாரம் முன்பு ஒரு மெயில் வந்தது. முன்பின் தெரியாத ஒரு தகப்பன். நாலு வயதுப் பையன். வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று நான் எழுதிய பக்கத்தை அவர் மனைவி போனில் குறித்து வைத்திருந்தாளாம். அன்று வலிப்பு வந்தபோது திறந்திருக்கிறாள். பக்கம் இல்லை. பதற்றத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுப் பையன் வாயில் ஸ்பூனைத் திணித்திருக்கிறார்கள். ஒரு பல் உடைந்தது. "வேற ஒண்ணும் ஆகல, பையன் நல்லா இருக்கான். அந்தப் பக்கம் எங்க போச்சுன்னு கேட்கத்தான் எழுதினேன்" என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எங்கள் வேலையில் இதை நான் செய்யவே மாட்டேன் தம்பி. ஒரு நிறுத்தத்தை எடுத்தால் அங்கே பலகை வைப்போம், வண்டி இனி எங்கே நிற்கும் என்று. வைக்காவிட்டால் ஆட்கள் வெயிலில் நின்றுகொண்டே இருப்பார்கள். அன்றே அந்த ஒரு பக்கத்தை மட்டும் தனியாகக் கட்டி ஏற்றினேன். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. வாலுவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் ரீடைரெக்டையும் நானே போட்டேன். யாரையும் கேட்கவில்லை. ஒரு பிழையும் வரவில்லை.

அப்போதுதான் தெளிந்தது. நான் கற்றுக்கொண்டது என்னுடையது, அதை வைத்துக்கொள்ளலாம், கொடுக்கலாம். அவள் பட்டது அவளுடையது. இந்த இரண்டையும் நான் பன்னிரண்டு வருஷம் ஒரே ஃபைலில் எழுதி வைத்திருக்கிறேன். பிரித்து எடுப்பேன். நூற்று நாற்பத்து மூன்றையும், ஒவ்வொரு வரியாக. முடிகிறவரை அவளிடம் எதுவும் சொல்லாதே.

அக்கா


மே 30

அன்புத் தம்பி,

நலமா? நாற்காலி மாற்றிவிட்டதாக எழுதியிருந்தாய், உலகம் அழியப் போகிறது. அத்தான் நலம். எனக்குக் கண் கொஞ்சம் எரிகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும்.

வேலை முடிந்தது. கணக்கைச் சொல்கிறேன். முப்பத்தொன்று கிட்டத்தட்ட அப்படியே நின்றன. ஐம்பத்தெட்டு முழுக்க முழுக்க அவளுடையவை, வெளியே எடுத்துவிட்டேன். அந்த முகவரிகளுக்கு யாராவது வந்தால் "இந்தப் பதிவு இனி இல்லை" என்று மட்டும் இருக்கும். மீதி ஐம்பத்து நான்குதான் என்னை வதைத்துவிட்டன. ஒரே வாக்கியத்தில் அவளும் இருப்பாள், மருந்தும் இருக்கும். "வாலு இரவெல்லாம் வாந்தி எடுத்தாள், அதனால் இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் கொடுக்காதீர்கள்" என்று எழுதியிருப்பேன். அதில் பாதி வேண்டும். பாதி என்னுடையது இல்லை.

அந்த மேடைப் பதிவைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். நீ சொன்ன மாதிரி யாரோ எழுதியதாகப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாள் அந்த அம்மா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைக் கிழித்து வெளியே வந்ததை, சிரித்த பையன்களை அவள் முறைத்ததை எல்லாம். கீழே இருநூற்றுப் பன்னிரண்டு பின்னூட்டம். எல்லாவற்றையும் படித்தேன். எவ்வளவு தைரியமான அம்மா, உங்களைக் கும்பிடத் தோன்றுகிறது, கண்ணீர் வந்துவிட்டது என்று. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் என்னைத்தான் பாராட்டியிருந்தார்கள். அந்தப் பெண் மறுநாள் பள்ளிக்குப் போனாளா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

அதில் மிச்சமானது ஒன்பது வரி. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ஆசிரியர் மற்ற பிள்ளைகளை எப்படி வெளியே அழைத்துப் போக வேண்டும் என்பது. இந்த ஒன்பது வரிக்கு மேடை தேவையே இருந்திருக்கவில்லை.

படம் ஒன்றும் இல்லை. வெள்ளைப் பின்னணி, பெரிய எழுத்து. முகப்பில் நாலே கதவு: இப்போது வலிப்பு வந்திருக்கிறது, மருந்து, பள்ளிக்கூடம், மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. முதல் கதவு சிவப்பில், மற்றது எல்லாவற்றையும்விடப் பெரிதாக. "வாலுவின் அம்மா" என்ற பெயரையும் எடுத்துவிட்டேன். அந்த வரியை அழிக்கும்போது மட்டும் கை கொஞ்ச நேரம் விசைமேலேயே நின்றது. தளத்துக்குப் பெயர் இனி "வலிப்பு: வீட்டில் இருப்பவர்களுக்கு". அத்தான் பார்த்துவிட்டு, "பன்னெண்டு வருஷம் உன் பிளாக்ல நான் ஒரு தடவைகூட வரலயேன்னு வருத்தமா இருந்துச்சு. இப்பத்தான் தெரியுது, தப்பிச்சேன்" என்றார். சிரித்தேன். பிறகு அழுதேன். அவர் பயந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

பழைய நூற்று நாற்பத்து மூன்று ஃபைல்களையும் படங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டு உனக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். என் லேப்டாப்பிலிருந்து அழித்தாயிற்று. நீயும் வைத்துக்கொள்ளாதே. அவளிடம் கொடு. என் சார்பில் எதுவும் பேசாதே.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்கா,

உன் கண்ணுக்கு உடனே மருத்துவரைப் பார். நாற்காலி விஷயத்தில் என்னைத் துரத்தியதற்குப் பழிவாங்கியே தீருவேன்.

பென் டிரைவை ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேன். சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"என்ன மாமா இது?"

"அம்மா அனுப்பினது. பிளாக்ல இருந்தது மொத்தமும்."

"பிளாக்ல இல்லையா இப்ப?"

"நீயே பாரு."

என் போனிலேயே பார்த்தாள். நாலு கதவையும் திறந்து திறந்து பார்த்தாள். மேடைப் பதிவின் பழைய முகவரி அவளுக்கு மனப்பாடம் அக்கா. அதை அடித்துப் பார்த்தாள். "இந்தப் பதிவு இனி இல்லை" என்று வந்தது.

"அம்மாகிட்ட காப்பி இருக்கா?"

"இல்ல."

"உங்ககிட்ட?"

"இல்லம்மா. இது ஒண்ணுதான்."

"தொலைஞ்சா?"

"தொலைஞ்சதுதான்."

சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள். பாதியில் விட்ட தட்டுகளைக் கழுவி முடித்துவிட்டுத்தான் போனாள். அவ்வளவுதான் நடந்தது. அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

தொழில்காரனாக ஒரு வார்த்தை: தளம் சுத்தமாக இருக்கிறது. எங்கள் ஆட்கள் கட்டியிருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்காது.

தம்பி


ஜூலை 6

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மாத்திரை போடுகிறேன். நீயும் அப்பாவும் நலமா? மாமா உன் கண்ணைப் பற்றிச் சொன்னார். டாக்டரிடம் போனாயா?

எல்லாவற்றையும் படித்தேன். மூன்று வாரம் ஆனது. சில நாள் இரண்டு வரிக்கு மேல் படிக்க முடியவில்லை. நிறைய இடத்தில் கோபம் வந்தது. அது போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். "அவள் தூங்கிவிட்டாள்" என்று நீ எழுதிய பாதி இடங்களில் நான் தூங்கவில்லை அம்மா. கண்ணை மூடிக்கொண்டு நீயும் அப்பாவும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேடையிலிருந்து இறங்கியதும் நான் அழுததாக எழுதியிருக்கிறாய். நான் அழவில்லை. நீதான் அழுதாய். நான் உன் முகத்தைத் துடைத்தேன். அது உன் பதிவில் இல்லை.

ஆனால் நீ என்னென்ன செய்தாய் என்று எனக்குப் பாதி தெரியாது. என் எட்டு வயதில் பதினேழு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கியிருக்கிறாய். அதை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறாய்.

புதுத் தளத்தைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் குறைகிறது. அதை உன்னால் எழுத முடியாது. நான் எழுதியிருக்கிறேன், ஃபைலாக இணைத்திருக்கிறேன். மூன்று கோடும் சரியாக இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். பெயர் போடக் கூடாது. படம் கூடாது. என்னைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. இதற்கு ஒத்துக்கொண்டால் போடு.

"கண் விழிக்கும்பொது எனக்கு முதலில் தெரிவது கால்கள்தான். சுற்றிலும் நிறையக் கால்கள். தயவுசெய்து எல்லோரும் நிற்காதீர்கள். ஒருவர் போதும். அவரும் நிற்க வேண்டாம், பக்கத்தில் உட்காரட்டும். என் பெயரைச் சொல்லி, முடிந்துவிட்டது, நீ இந்த இடத்தில் இருக்கிறாய், இப்போது மணி இத்தனை என்று சொல்லட்டும். ஒரு துண்டையோ சட்டையையோ என் மேல் போர்த்தட்டும். என்ன ஆச்சு என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியல. உங்களுக்குத்தான் தெரியும். நான் எழுந்த பிறகு அதைப் பற்றி நானாகப் பேசினால் பேசுங்கள். பேசாவிட்டால் வேறு ஏதாவது பேசுங்கள்."

இப்போதைக்கு எழுத்தில்தான் என்னால் பேச முடிகிறது. எழுது.

உன் மகள்


ஜூலை 7

என் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்தது. நானும் அப்பாவும் நலம். என் கண்ணுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டுதான் உன் பக்கத்தைப் படித்தேன். அப்பாவும் படித்தார். படித்துவிட்டு வெளியே போய் வண்டியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த வண்டி.

என் முகத்தை நீ துடைத்தது எனக்கு நினைவே இல்லை. பதினோரு வயதுப் பிள்ளை துடைத்திருக்கிறது, நான் மறந்திருக்கிறேன். மன்னித்துவிடு என்று ஒரே ஒரு தடவை எழுதிக்கொள்கிறேன். இதற்கு நீ பதில் சொல்ல வேண்டாம்.

உன் நிபந்தனை எல்லாவற்றுக்கும் சம்மதம். சிவப்புக் கதவுக்குள் முதல் பக்கத்துக்கு அடுத்து இதை வைக்க நினைக்கிறேன். ஃபைல் தயாராக இருக்கிறது. இரண்டு சொல் மட்டும் கேட்க வேண்டும். முதல் வரியில் "விழிக்கும்பொது" என்று இருக்கிறது, "விழிக்கும்போது" என்று இருக்க வேண்டும். பின்னால் ஓரிடத்தில் "தெரியல" என்று இருக்கிறது, மற்ற வரிகளோடு சேர "தெரியவில்லை" என்று போடலாம். திருத்தட்டுமா? நீ சொல்கிறவரை தொட மாட்டேன்.

அம்மா


ஜூலை 9

அம்மா,

நான் நலம். அப்பாவிடம் வண்டியில் பெயின்ட் போய்விடப் போகிறது என்று சொல்.

"பொது" பிழைதான். திருத்து.

"தெரியல" பிழை இல்லை. அந்த நேரத்தில் என் வாயில் அவ்வளவுதான் வரும். அப்படியே இருக்கட்டும்.

ஏற்றிவிடு.